பழைய பாதுகாப்பு ஓட்டையைப் படிப்பது எப்படி: ஃபிங்கர்டியில் தொடங்குங்கள்

பாதுகாப்புத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கொடுப்பது 4.3 பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் இருந்த ஃபிங்கர்டியின் மூல நிரல். ஒரு கணினியின் பயனர்களைப் பற்றி வெளியிலிருந்து கேட்டால் பதில் சொல்லும் நிரல் அது. சின்ன நிரல், ஒரே மூச்சில் படித்துவிடலாம். 1988 நவம்பர் 2 அன்று கிளம்பிய மாரிஸ் வோர்ம் (தானாகவே கணினிக்குக் கணினி பரவிய நிரல்) ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தபோது அது நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று.

யூனிக்ஸ் ஹெரிடேஜ் சொசைட்டியின் காப்பகத்தில் நிரல் கிடைக்கும். ஓட்டிப் பார்க்க, பழைய கணினிகளைப் போல நடிக்கும் சிம்ஹெச் எமுலேட்டரில் ஒரு வாக்ஸ் (அந்தக் காலத்துக் கணினி வகை) போதும். அதற்கு வெளி நெட்வொர்க் இணைப்பே கொடுக்காதீர்கள். இதில் நான் யாருக்கும் விலக்கு தருவதில்லை.

நிரலை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டாம். வெளியாள் அனுப்பும் முதல் பைட் எங்கே உள்ளே வருகிறது என்று தேடுங்கள். நெட்வொர்க் இணைப்புகளை வாங்கி உரிய நிரலிடம் ஒப்படைக்கும் ஐநெட்டி 79ஆம் போர்ட்டில் காத்திருக்கும். யாராவது இணைந்தால் அந்த இணைப்பை (சாக்கெட்டை) 0ஆம் டிஸ்கிரிப்டரில், அதாவது நிரல் உள்ளீடு வாங்கும் இடத்தில், மாட்டிவிட்டு ஃபிங்கர்டியைக் கிளப்பும். ஆக, கீபோர்டிலிருந்து ஒரு வரி வாங்குவதுபோல் தெரியும் கெட்ஸ் என்ற சார்பு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் அனுப்புவதை வாங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு தாளை எடுத்து ஸ்டாக்கை (சார்புகளின் தற்காலிகத் தரவு இருக்கும் நினைவகப் பகுதியை) வரையுங்கள். மனசுக்குள் வரைந்தால் போதாது, கையால் வரைய வேண்டும். வாக்ஸில் ஸ்டாக் கீழ்நோக்கி வளரும், வந்த வரியை வைக்கும் இடமான பஃபர் மேல்நோக்கி நிரம்பும். பஃபருக்கு 512 பைட். அதற்கு மேலே, நிரலின் முதன்மைச் சார்பான மெயின் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி உட்பட, சேமித்து வைத்த விவரங்கள் இருக்கின்றன. பஃபர் எவ்வளவு பெரியது என்று கெட்ஸுக்கு யாரும் சொல்வதில்லை, சொல்ல வழியும் இல்லை. வோர்ம் அனுப்பியது 536 பைட். மிஞ்சிய 24 பைட் அந்த விவரங்களின்மேல் ஏறி, திரும்பும் முகவரியைப் பஃபருக்குள்ளேயே திருப்பிவிட்டது. அங்கே காத்திருந்த கட்டளைகள், சொன்னதை வாங்கி இயக்கும் ஷெல்லைத் திறந்தன. சாக்கெட் இன்னும் 0இல்தான் இருக்கிறது அல்லவா? அதனால் ஷெல் நேராக அனுப்பியவனோடு பேச ஆரம்பித்தது.

ஒன்றைக் கவனியுங்கள்: மெயின் ரிட்டர்ன் ஆகும் நொடி வரை எதுவும் நடக்காது. அந்த இடத்தில் ரிட்டர்னுக்குப் பதில், திரும்பாமல் நிரலை அங்கேயே முடித்துவிடும் எக்ஸிட் இருந்திருந்தால், பஃபர் வழிந்தும் இந்தத் தாக்குதல் பலித்திருக்காது. வேறு வகைச் செயலி கொண்ட சன் கணினிகளில் இதே எழுத்துச் சரம் ஃபிங்கர்டியைக் கவிழ்த்ததோடு நின்றது, ஏனென்றால் உள்ளே இருந்தவை வாக்ஸ் கட்டளைகள். ஓட்டை வேறு, அதைப் பயன்படுத்தும் ஆயுதம் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள்.

அப்புறம் திருத்துங்கள். கெட்ஸை எடுத்துவிட்டு, அளவு கேட்கும் எஃப்கெட்ஸைப் போடுங்கள். 511, 512, 600 எழுத்துகள் அனுப்பி ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிறகு மொத்த மூலத்திலும் கெட்ஸ் என்று தேடிப் பாருங்கள்; வேலை அங்கேதான் இருக்கிறது. சி மொழியின் தரம் அந்தச் சார்பை நீக்கியது 2011இல்தான்.

எல்லா ஓட்டையும் இப்படித் தேடினால் அகப்படாது. வோர்ம் 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக் கடவுச்சொற்களை ஊகித்தது. குறியாக்கிய கடவுச்சொற்கள் எல்லாரும் படிக்கக்கூடிய கோப்பில் கிடந்தன. வேறு கணினியில் கட்டளை ஓட்ட உதவும் ஆர்எஸ்ஹெச், நம்பகமானது என்று பட்டியலிட்ட கணினியிலிருந்து வந்தால் கடவுச்சொல்லே கேட்காது. இவற்றில் எந்த வரியும் தப்பில்லை. இங்கே ஓரத்தில் எழுதவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எழுதியவர் மறுமுனையில் யார் இருப்பதாக நினைத்தார்? அவர்களை முட்டாள்கள் என்று சொல்லும் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. அன்றைய நெட்வொர்க்கில் மறுமுனையில் இருந்தவர் பெரும்பாலும் பக்கத்துத் துறை ஆய்வாளர்.

இது முடிந்தால், வோர்ம் நுழைந்த இன்னொரு வழியான செண்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலுக்குப் போங்கள். அது மிகப் பெரியது, முழுக்கப் படிக்க முயலாதீர்கள். டீபக் (DEBUG) என்ற கட்டளையை மட்டும் பிடித்துக்கொண்டு, கடிதம் பெறுபவரின் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நிரலின் பெயர் எப்படி நுழைகிறது என்று பின்தொடருங்கள்.