நட்சத்திரம் ஒட்டிய பக்கங்கள்

போன வாரம், புதிதாக வந்த ஓர் ஆசிரியையின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டார். பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் "எஸ், டீச்சர்!" என்றார்கள். அவர் முகம் மலர்ந்தது. எனக்கோ வயிற்றைப் பிசைந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, தென் கொரியாவின் தேகு நகரில் ஆங்கிலம் கற்பிப்பவன். வேலை ஒரு ஹாக்வொனில். ஹாக்வொன் என்றால் நம் ஊர் டியூட்டரிதான். பள்ளி விட்டதும் பிள்ளைகள் மஞ்சள் வேனில் வந்து இறங்குவார்கள். கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் தமிழர்களே, நேரத்துக்கு வாருங்கள், பாடத்தைத் தயார் செய்யுங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. தவிர்க்க வேண்டிய சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"புரிந்ததா?" என்று கேட்பது

என் முதல் ஆண்டில் இரட்டைச் சடை போட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். எதைக் கேட்டாலும் முதலில் "எஸ்" சொல்பவள் அவள்தான். நானும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தங்க நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே வந்தேன். நான்கு மாதம் கழித்து, பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள். ஒரு பெண் ஆப்பிள் சாப்பிடும் படத்தைக் காட்டி, "வாட் இஸ் ஷீ டூயிங்?" என்று கேட்டேன். அவள் பளிச்சென்று சொன்னாள்: "எஸ், டீச்சர்!"

படம் பிடிக்கத் தூக்கிய கைபேசியை அவள் அம்மா மெதுவாக இறக்கினார். வகுப்பு முடிந்ததும் பாடப்புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் என் நட்சத்திரங்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாத இறுதியில் அந்தச் சிறுமி நின்றுவிட்டாள்; அதே வேனில் வரும் தோழிகள் இருவரும் நின்றுவிட்டார்கள். நிர்வாகி புதிய பெயர்ப் பட்டியலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் பொய் சொல்லவில்லை. எல்லோரும் தலையாட்டும்போது ஒருத்தி மட்டும் "இல்லை" என்றால் பாடம் நிற்கும், ஆசிரியரின் முகம் சுருங்கும். சூழலை மோப்பம் பிடித்து நடப்பதைக் கொரியர்கள் 'நுன்ச்சி' என்பார்கள். ஏழு வயதிலேயே அது வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு நான் "டோன்ட் யூ அண்டர்ஸ்டாண்ட்?" என்றும் கேட்பேன். அதற்கு வந்த "எஸ்", "ஆமாம், புரியவில்லை" என்பதாக இருந்திருக்கலாம். கொரிய மொழியில் அப்படித்தான் பதில் சொல்வார்கள். தமிழிலும் அப்படிச் சொல்கிறோமே! தமிழ் பேசும் எனக்கே அது உறைக்காததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அந்தக் கேள்வியை விட்டொழியுங்கள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டுங்கள். பக்கத்துப் பிள்ளையிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். யார் முதலில் என்று சண்டை வந்தால், 'காவி பாவி போ' என்று கையை நீட்டிக் கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாடி அவர்களே தீர்த்துக்கொள்வார்கள்.

உச்சரிப்பைத் துரத்துவது

கொரிய எழுத்தில் 'ஃப' இல்லை. காஃபியைப் பிள்ளைகள் ஏறக்குறைய 'கொப்பி' என்பார்கள். என் அம்மம்மா கடைசி வரை கோப்பிதான் குடித்தார். கீழுதட்டைப் பல்லால் லேசாகத் தொட்டு ஊதிக் காட்டுங்கள், இரண்டு நிமிடம் போதும். முழு வகுப்பையும் அதற்குத் தின்னக் கொடுக்காதீர்கள்.

"ஐ ஆப்பிள் ஈட்"

சிரிக்காதீர்கள். நான் ஆப்பிள் சாப்பிடுகிறேன்: கொரிய வாக்கியத்திலும் வினை கடைசியில்தான் வரும். இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று இலக்கணப் புத்தகத்தைப் பார்க்காமலே நமக்குத் தெரியும். விதியை விளக்க வேண்டாம். சரியான வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வையுங்கள்.

சிவப்பு மை

பிள்ளையின் பெயரை அதில் எழுதாதீர்கள். கொரியர்களுக்கு அது இறந்தவர் பெயர் போலத் தோன்றும்.

ஒப்பந்தம்

ஓராண்டு நிறையட்டும். நிறைந்தால் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சட்டப்படி கிடைக்கும். பதினோராம் மாதம் கோபித்துக்கொண்டு கிளம்பினால் கிடைக்காது.

அப்பா

வாசலில் ஒரு பிள்ளை "அப்பா!" என்று கத்தினால் திரும்பிப் பார்க்காதீர்கள். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான். நான் முதல் மாதம் முழுக்கத் திரும்பிக்கொண்டிருந்தேன்.