பச்சிளங் குழந்தையின் மலம்: புதிய செவிலியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்பூசி நாள்களில் புதிய செவிலியர்கள் தாய்மாருக்குச் சொல்லும் பதில்களைக் கேட்டால், பயிற்சிக் காலத்தில் எங்கள் தலைமுறை சொன்னவையே வார்த்தை மாறாமல் திரும்பி வருகின்றன. கை கழுவுதல், பாத்திரங்களைக் கொதிக்க வைத்தல் போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பச்சை மலம்

நன்றாகப் பால் குடித்து எடை கூடிவரும் குழந்தைக்கு இதற்கென மருந்து எதுவும் வேண்டியதில்லை.

இளகிய மலத்தை வயிற்றுப்போக்கு என்பது

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் வாரங்களில் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் மஞ்சளாக, சிறு திரிகளுடன் இளகலாகப் போவது இயல்பே. வழக்கத்தைவிடத் திடீரென அதிக முறையும் அதிக நீராகவும் போனால்தான் அது வயிற்றுப்போக்கு. அப்போதும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

வெளிறிய மலத்தைப் ‘பால் மலம்’ என்று அனுப்பிவிடுவது

45ஆம் நாள் ஊசிக்கு வந்த குழந்தையின் கண்ணில் மஞ்சள் தெரிகிறது; ‘வெறும் பால்தானே குடிக்குது, அதான் வெள்ளையாப் போகுது’ என்கிறார் பாட்டி; செவிலியரும் தலையாட்டி, காலை வெயிலில் காட்டச் சொல்லி, எடையைக் குறித்து அனுப்பிவிடுகிறார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கலாம்; இந்த நிறங்களைத் தருவது பித்தம். சுண்ணாம்பு நிறத்திலோ களிமண் நிறத்திலோ வெளிறிப் போனால், பித்தம் குடலுக்கு வந்து சேரவில்லை என்று ஐயப்பட வேண்டும். பித்தநாளம் அடைபட்ட குழந்தையின் கல்லீரல், நாம் வெயில் காட்டச் சொல்லும் அந்த வாரங்களிலேயே இறுகத் தொடங்கியிருக்கும்.

ஒரு தாய் பையிலிருந்து எடுத்துக் காட்டிய வெள்ளைத் துணியில் மலம் பிசைந்த மைதா மாவின் நிறத்தில் இருந்தது. அதன் அருகே துவைத்தும் போகாத அடர்மஞ்சள் சிறுநீர்க் கறை. நலமான பச்சிளங் குழந்தையின் சிறுநீர் பொதுவாகத் துணியில் மஞ்சள் கறை விடாது. ஆனால் அதற்குமுன் அவர் சென்ற இடங்களிலெல்லாம் வெயில்தான் வைத்தியமாகச் சொல்லப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு அனுப்பும்போது குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அந்த அறுவை சிகிச்சை, 60 நாள்களுக்குள் செய்யப்பட்டால் நல்ல பலன் தர வாய்ப்பு அதிகம்; தள்ளிப்போகப் போக, கல்லீரல் மாற்று சிகிச்சையே வழியாகிவிடும் நிலை நெருங்குகிறது. 45ஆம் நாளில் நம்மிடம் வரும் குழந்தைக்கு எஞ்சியிருப்பது 15 நாள்.

ஆகவே, 14 நாள்களுக்குப் பிறகும் காமாலை நீடித்தால் மலத்தையும் சிறுநீரையும் பகல் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். மஞ்சள் விளக்கடியில் எடுத்த கைபேசிப் படத்தை நம்பாதீர்கள். மொத்த பிலிருபினோடு (காமாலையில் இரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறமி), பித்தம் தடைபட்டால் கூடும் நேரடி பிலிருபினையும் பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தொடக்கத்தில் மஞ்சளாகப் போய்ப் பின்னர் வெளிறுவதும் உண்டு என்பதால், ஒரு நாள் மட்டும் பார்த்து நிம்மதி அடைவது தவறு. தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் குழந்தை நலக் கையேட்டில் மல நிற அட்டை இணைக்கப்படுகிறது. நம் தாய்சேய் அட்டையிலும் அப்படியொரு பக்கம் இருந்தால், பாட்டியோடு வாதாட வேண்டியிருக்காது.

வெற்றிலைக் காம்பு

முதல் மாதம் கடந்த தாய்ப்பால் குழந்தை சில நாள்கள் மலம் கழிக்காமல் இருந்து, பின் இளகலாகக் கழித்தால் அது மலச்சிக்கல் அன்று. ஆசனவாயில் காம்பையோ சோப்புத் துண்டையோ நுழைக்க விடாதீர்கள். பிறந்து 48 மணி நேரமாகியும் காட்டுப்பீ (பிறந்ததும் கழிக்கும் முதல் கரும்பச்சை மலம்) வெளியேறாதது வேறு. அது மருத்துவர் உடனே பார்க்க வேண்டியது.

பச்சை வாந்தி

குடல் முறுக்காக இருக்கலாம். அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.