பழைய அவுட்போட் இஞ்சின்ல ஸ்பார்க் வரல்லையா? சீடிஐ வாங்க ஓட முதல் இதைப் பாருங்க

மாரி முடிஞ்சு கடல் அடங்கத் தொடங்க, திருகோணமலையில திருக்கடலூர், நிலாவெளி, இறக்கண்டி, மூதூர்ப் பக்கமெல்லாம் கரையில இஞ்சின் கயிறு இழுக்கிற சத்தம் தான். வாடைக்காத்து அடிச்ச மாசமெல்லாம் ஈரத்துலயும் உப்புலயும் கிடந்த பழைய டூ ஸ்ட்ரோக் இஞ்சின் முதல் இழுவையிலயே பத்தும் என்டு நினைக்கிறது கொஞ்சம் பேராசை. நாலைஞ்சு தரம் இழுப்பாங்க, வராது, பக்கத்துல நிக்கிற ஆராவது "சீடிஐ போய்ட்டு" என்டுவார், அதோட காசு போச்சு. சீடிஐ என்டது பிளக்குக்கு ஸ்பார்க் அனுப்புற எலக்ட்ரோனிக் பெட்டி. கரண்ட் சாமான்லயே விலை கூடினது அது, போட்டுப் பார்த்துட்டுக் கொண்டுபோனா கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மாட்டார். அதை கடைசியா சந்தேகப்படுங்க.

மண்ணெண்ணையில ஓடுற இஞ்சின் என்டா முதல்ல இதை யோசிங்க. பெற்றோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடேறினாப்பிறகு தானே மண்ணெண்ணைக்கு மாத்துறம், கரைக்கு வரேக்க திரும்பப் பெற்றோலுக்கு மாத்தி கொஞ்சம் ஓடவிட்டு நிப்பாட்டணும், அதை மறந்தா காபரேட்டர் கிண்ணத்துல மண்ணெண்ணை தான் நிக்கும். விடிய குளிர்ந்த இஞ்சின்ல அது ஆவியாகாது, பிளக் நனையும், ஆள் ஸ்பார்க்கைத் திட்டிக்கொண்டு நிப்பார். கிண்ணத்தை வடிச்சு, பிளக்கைத் துடைச்சு, பெற்றோல் விட்டு இழுத்துப் பாருங்க.

ஸ்பார்க் பார்க்கிற விதத்துல தான் கூடப் பிழை விடுறாங்க. பிளக்கைக் கழட்டி கெப்பைப் போட்டு இஞ்சின்ல சும்மா முட்டவச்சு இழுக்கிறது, சின்னதா ஒரு பொறி தெரிஞ்சா "கரண்ட் வருது" என்டு முடிவெடுக்கிறது. வெளிக்காத்துல பிளக் நுனியில இருக்கிற இடைவெளியை, அதாவது கேப்பைத் தாண்ட பெரிய வோல்ட்டேஜ் வேணாம், சிலிண்டருக்குள்ள அமுக்கத்துல தாண்டத் தான் வேணும். பிளக் கழட்டினா இஞ்சின் லேசாவும் சுத்தும், அதால வெளியில காட்டுற ஸ்பார்க் உள்ள இல்லாமப் போகலாம். கேப் மாத்தக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒண்டு வாங்குங்க, பெரிய விலை இல்ல. பாயிண்ட்ஸ் (திறந்து மூடி ஸ்பார்க் விடுற தொடுப்பு) இருக்கிற பழைய இஞ்சின் என்டா 6 மில்லிமீற்றர், சீடிஐ என்டா 10 மில்லிமீற்றர் மட்டுக்கு நல்ல நீலமா டிக் டிக் என்டு பாயணும். மஞ்சளா, நூல் மாதிரி வந்தா அது பலவீனம் தான். பிளக் வயரை எர்த் இல்லாம தொங்கவிட்டு இழுக்காதீங்க, போக வழியில்லாத வோல்ட்டேஜ், அதைக் கூட்டிக் குடுக்கிற கொயிலையும் சீடிஐயையும் உடைக்கும். பிளக் ஓட்டைக்குக் கிட்ட பொறி பறக்க விடவும் வேணாம், உள்ளயிருந்து வாறது பெற்றோல் ஆவி.

ஸ்பார்க் சுத்தமா இல்லையா, அப்ப ஸ்டொப் வயர். நான் கண்ட அளவுல சீடிஐக்கு மேல விழுற பழியில நிறைய இந்த வயருக்குச் சேரவேண்டியது. இந்த இஞ்சின்கள்ல ஸ்டொப் பட்டன் செய்யிற வேலை கரண்டை எர்த்துக்குத் திருப்பி விடுறது தான், அதால பட்டனுக்குள்ள உப்பு பிடிச்சாலோ வயர் உரிஞ்சு இஞ்சின் உடம்புல முட்டினாலோ இஞ்சின் எப்பவும் ஓஃப்ல தான் நிக்கும். கையில மாட்டுற சிவப்புக் கயிறு கிளிப் சரியா மாட்டி இருக்கா என்டு பாருங்க, பிறகு ஸ்டொப் வயரைக் கழட்டிட்டு இழுங்க. ஸ்பார்க் வந்தா ஆள் அம்பிட்டார். வயர் கழட்டினபடி இஞ்சின் ஸ்டார்ட் ஆனா பட்டன்ல நிக்காது, சோக்கை இழுத்து நிப்பாட்டுங்க, கரையில என்டா தண்ணி டிரம்முக்குள்ள வச்சுத் தான் ஓட்டணும், இல்லாட்டி தண்ணி இழுக்கிற இம்பெல்லர் ரப்பர் போய்டும். அந்த வயருக்கு பற்றரி 12 வோல்ட்டை மட்டும் குடுத்துப் பார்க்காதீங்க, நல்லா இருந்த சீடிஐயும் அதுல போய்டும்.

ரெண்டு சிலிண்டர்ல ஒண்டுல மட்டும் ஸ்பார்க் இல்லை என்டா, ரெண்டு கொயிலும் ஒரே மாதிரி இருந்தா இடம் மாத்திப் போடுங்க. பிழை கொயிலோட சேர்ந்து மற்ற சிலிண்டருக்குப் போனா கொயில் தான், போகாட்டி கொயில் தப்பினது. மீட்டரே தேவையில்லாத சோதனை. கொயில் இருக்கிற போல்ட்டடியில வெள்ளைப் பூ பூத்திருந்தா முதல்ல அதைச் சுரண்டி எர்த்தைச் சரிபண்ணுங்க.

பாயிண்ட்ஸ் இருக்கிற பழைய ஜோன்சன், எவின்ரூட் வச்சிருக்கிறவங்க எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கிறதை விடுங்க, அந்த மணல் பாயிண்ட்டுக்குள்ளயே தங்கும். தின்னர் நனைச்ச தடிச்ச மட்டை ஒண்டை இடையில விட்டு இழுத்தாக் காணும், கன மொடலுக்கு கேப் 0.020 இஞ்சி, அதாவது அரை மில்லிமீற்றர். அதுக்கு மேல இருக்கிற காந்தச் சக்கரத்தை, பிளைவீலைக் கழட்டவேண்டி வந்தா சுத்தியல் பக்கமே போகாதீங்க, புல்லர் தான். அடிச்சா காந்தம் கழண்டுடும், ஷாப்ட் நுனியும் கெட்டுடும். திரும்பப் போடேக்க நட்டை சரியா இறுக்காட்டி பிளைவீலை ஷாப்ட்டோட பிடிக்கிற சாவி வெட்டுப்பட்டு டைமிங் மாறும், ஸ்பார்க் நல்லா இருந்தும் இஞ்சின் திருப்பி உதைக்கும்.

பிளக்ல பெரிசா சொல்ல ஒண்டுமில்ல, இஞ்சினுக்குச் சொன்ன நம்பரைப் போடுங்க. என்ஜிகேல நம்பர் கூடக்கூட பிளக் குளிர்ச்சியானது, "பெரிய நம்பர் நல்லது" என்டு வாங்கினா மெதுவா ட்ரோலிங் போகேக்க கரி பிடிக்கும்.

கரையில நல்லா ஓடி, கொட்பே தாண்டி வெளிய போய் சூடேறினாப்பிறகு நிண்டு, ஆறினதும் திரும்பப் பத்துற இஞ்சின் இருக்கே, அது தான் பொல்லாத வருத்தம். கொயிலுக்குள்ள இல்லாட்டி பிளைவீலுக்குக் கீழ கரண்ட் எடுக்கிற ஸ்டேட்டருக்குள்ள வெடிச்ச கம்பி சூட்டுல விரிஞ்சு விலகும், குளிர்ந்தா சேரும். வீட்டுல ஆறின இஞ்சின்ல மீட்டர் வச்சா எல்லாம் சரி என்டு தான் காட்டும், அதால நிண்ட உடனே, சூட்டோடயே அளக்கணும். இரவுல கவரைக் கழட்டிட்டு ஓடவிட்டா வெடிப்பால கரண்ட் ஒழுகுற கொயில்ல நீலப் பொறி கண்ணுக்கே தெரியும், கையை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதீங்க.

இவ்வளவும் பார்த்து, ஸ்டேட்டரும், ஸ்பார்க் எப்ப விடணும் என்டு சீடிஐக்குச் சொல்லுற பல்சர் கொயிலும் மனுவல்ல போட்ட ஓம்ஸுக்குள்ள நிண்டா அப்ப சீடிஐயைப் பேசலாம். அப்பவும் அதே மொடல் இஞ்சின் வச்சிருக்கிற கூட்டாளியிட்ட ஒண்டைக் கேட்டு வாங்கி மாட்டிப் பார்த்துட்டு, பழையதுல இருக்கிற நம்பரை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்க.