நிலா வளையம் வெள்ளையாக வெளுக்கிறதா? கொடைக்கானலில் சரிசெய்த விதம்

ஏரிக்கரையில், மேகத்தின் நீர்த்துளிகளால் நிலாவைச் சுற்றிக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த வண்ண வளையம், கேமராவில் வெறும் வெள்ளைத் திட்டாக விழுந்தது. காரணம் ஆட்டோ மோட். அது இருண்ட வானத்தை அளந்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிவிடும். நிலாவை ஒட்டிய நிறமெல்லாம் வெளுத்துப்போகும்.

மேனுவலுக்கு மாற்றியதும் பாதி தீர்ந்தது. ட்ரைபாட், லென்ஸ் திறப்பு எஃப்/4, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 800. ஷட்டர் 1/15 விநாடியில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே 1 விநாடி வரை, ஐந்து படம். மேகம் ஓடும்போது 1/4-ஐத் தாண்ட வேண்டாம். மேகத்தின் நீர்த்துளி சிறுத்தால் வளையம் விரியும், பெருத்தால் சுருங்கும். நீண்ட எக்ஸ்போஷரில் எல்லாம் கலந்து பழுப்பாகிவிடும். ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) டேலைட், ஃபைல் ரா (பதப்படுத்தாத மூலப் படம்). பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 85 முதல் 135 மி.மீ. லென்ஸ் போதும். 22 டிகிரி ஆரமுள்ள பெரிய வட்டம் பனிப்படிகத்தின் வேலை, அதற்கு 24 மி.மீ. வேண்டும்.

மீதித் தொல்லை லென்ஸ் மேல் படியும் பனி. மோசம் என்னவென்றால், அந்த ஈரமே போலி வளையம் காட்டும், அதுவும் அழகாக! தெருவிளக்கைச் சுற்றியும் அதே வளையம் தெரிந்தால் கண்ணாடிமேல் டார்ச் அடித்துப் பாருங்கள். துணியால் துடைத்தால் ஈரம் இழுபட்டு, வெளிச்சம் கோடுகோடாகச் சிதறும். ஹூடு மாட்டி, முன்கண்ணாடி ஓரமாக யூஎஸ்பி ஹீட்டர் பட்டையைச் சுற்றி, பவர் பேங்கில் குறைந்த சூட்டில் ஓடவிட்டால் பனி படியாது. பனி படிவதற்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும்.

யூவி ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள். இருந்தால் படத்தில் இன்னொரு குட்டி நிலா முளைக்கும்.