எலி இல்லாத தீவில் ஒரு நாள் நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தில் டிரிட்டிரி மட்டாங்கி, காப்பிட்டி, உல்வா போன்ற சரணாலயத் தீவுகளுக்குக் கிளம்புகிறவர்கள் தொப்பி, கேமரா, பைனாகுலர் எல்லாம் மறக்காமல் எடுத்து வைக்கிறார்கள். ஆனால் பையின் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பதில்லை. நடையில் நடக்கும் தவறுகளைவிட, முந்தின இரவு வீட்டில் நடக்கும் இந்தத் தவறு பெரிது.

வௌவால்களை விட்டால் அந்த நாட்டுக்கே உரிய தரைப் பாலூட்டி எதுவும் இல்லை. அதனால் அங்குள்ள பறவைகள் பல தரையிலேயே கூடு கட்டும். சில பறக்கவே பறக்காது. மனிதர்களோடு வந்து சேர்ந்த எலி, பூனை, கீரி போலிருக்கும் ஸ்டோட் ஆகியவற்றிடமிருந்து தப்பிக்க அவற்றுக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டுத்தான் சில தீவுகளில் இவற்றை ஒழித்திருக்கிறார்கள். காப்பிட்டியில் 1996-இல் எலிகள் ஒழிந்தன. 2010-இல் அங்கேயே ஒரு ஸ்டோட் தென்பட்டது.

ஒரே ஒரு எலி வந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். 2004-இல் ஆய்வாளர்கள் இருப்பிடம் காட்டும் ரேடியோ பட்டை மாட்டிய ஓர் எலியை மோட்டுஹோரோபாப்பா என்ற குட்டித் தீவில் வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார்கள். பொறி, விஷம், பயிற்சி பெற்ற நாய் எதற்கும் அது சிக்கவில்லை. 400 மீட்டர் கடலை நீந்தி அடுத்த தீவுக்கே போய்விட்டது. கடைசியில் பிடிபட 18 வாரம் ஆனது. ரேடியோ பட்டை மாட்டிய எலிக்கே இந்தப் பாடு!

ஆகவே பையை முழுக்கக் கவிழ்த்து உதறுங்கள். உணவை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். அட்டைப் பெட்டி, திறந்த துணிப்பை வேண்டாம். தயாரான பையை ஜிப் போடாமல் கார் டிக்கியிலோ கராஜிலோ இரவு முழுக்க விட்டுவைப்பதும் வேண்டாம். எலி மட்டும்தான் கவலை என்றில்லை. டிரிட்டிரி மட்டாங்கியில் 2000-இல் அர்ஜென்டினா எறும்பு கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒழிக்கும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. காலணி அடியில் ஒட்டிய மண், லேஸிலும் சாக்ஸிலும் குத்திக்கொண்டிருக்கும் களை விதை, இவற்றையும் சுத்தம் செய்துவிட வேண்டும். தீவில் பையைத் திறக்கும்போது ஏதாவது ஊர்ந்தால், தட்டி விடாமல் பையை உடனே மூடி ரேஞ்சரிடமோ படகுக்காரரிடமோ சொல்லுங்கள்.

அப்புறம் படகு. காப்பிட்டியில் இறங்க அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பும் உண்டு. காற்று பலமாக இருந்தால் பயணம் ரத்தாகும். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளில் இதைச் செருகாதீர்கள். திரும்பும் படகைத் தவறவிட்டால் சொந்தச் செலவில் வாடகைப் படகு பிடிக்க வேண்டியிருக்கும்.

அதிகம் நடக்கத் திட்டமிடுவது இன்னொரு தவறு. டிரிட்டிரி மட்டாங்கி வெறும் 220 ஹெக்டேர்தான். அதைச் சுற்றி முடித்துவிட வேண்டும் என்று வேகமாக நடப்பவர்களுக்குப் பறவைகள் சத்தம் மட்டுமே மிச்சம். வாட்டில் பாதையில் ஹிஹி பறவைகளுக்காகச் சர்க்கரைத் தண்ணீர் வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். என் கணக்கில் அது மூன்று மணி நேர நடைக்குச் சமம். கிவியைப் பார்க்கலாம் என்று பகல் பயணத்தில் எதிர்பார்க்க வேண்டாம், அது இரவில் நடமாடும் பறவை.

சாப்பாட்டுக் கடையை நம்பிப் போகாதீர்கள், மதிய உணவு கையோடு இருக்கட்டும். அதைப் பறவைகளோடு பகிர்ந்துகொள்ளவும் கூடாது. பறக்காத பறவையான டக்காஹே மெல்ல நடந்து பக்கத்தில் வந்து நிற்கும்போது மனசு இளகும்தான், ஆனால் ரொட்டித் துண்டு அதற்கு உணவல்ல. காப்பிட்டியில் வெக்கா என்ற பறக்காத பறவையும் காகா கிளியும் உங்களைக் கேட்கவே கேட்காது, தனியாக விட்ட பையைத் தாமே திறந்துகொள்ளும். குப்பையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதால் நன்றாக மூடக்கூடிய இன்னொரு பை தேவைப்படும்.