திறக்காத இணைப்பா? முகவரியின் பின்பகுதியை அழித்துப் பாருங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி நூலகக் கணினிகளில் ஓர் இணைப்பைச் சொடுக்கியதும் '404' என்று வந்தால், மேலே உள்ள முகவரியை முடிவிலிருந்து கடைசிச் சாய்கோடு (/) வரை அழித்துவிட்டு என்டர் விசையை அழுத்துங்கள். அப்போதும் திறக்காவிட்டால் அதற்கு முந்தைய சாய்கோடு வரை அழியுங்கள். தளம் இயங்குகிறது, கேட்ட பக்கம் மட்டும் அந்த இடத்தில் இல்லை என்பதே 404-இன் பொருள் என்பதால், ஒரு படி மேலே சென்றால் பக்கத்தின் புதிய இடம் தென்படக்கூடும். முகவரியின் இறுதியில் தவறுதலாக ஒட்டிக்கொண்ட முற்றுப்புள்ளியோ அடைப்புக்குறியோ கூட இந்தப் பிழையைத் தரும். அதை முதலில் பாருங்கள்.

பக்கம் முற்றிலும் நீக்கப்பட்டிருந்தால், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும், 2001 முதல் பொதுப் பயன்பாட்டில் உள்ள வேபேக் மெஷின் தளத்தில் முழு முகவரியையும் ஒட்டினால் பழைய நகல் கிடைக்கக்கூடும். அந்த நகல் படிப்பதற்கு மட்டுமே உதவும். சுற்றுலா வரும் உறவினருக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) விண்ணப்பிப்பது போன்ற வேலைகளுக்கு இப்போதுள்ள தளமே வேண்டும்.

எந்தத் தளமுமே திறக்கவில்லை என்றால் கோளாறு நூலகத்தின் இணைய இணைப்பில் இருக்கலாம். முகவரியைத் திருத்திப் பயனில்லை, நூலகரிடம் சொல்லுங்கள்.