மருந்துச்சீட்டில் ஊகத்துக்கு இடம் வைக்காதீர்கள்: தென்னாப்பிரிக்க வார்டுகளில் பணி தொடங்கும் இளம் டாக்டர்களுக்கு

இரண்டு வருட இன்டர்ன்ஷிப், பிறகு ஒரு வருட சமூகப் பணி என்று டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் அரசு மருத்துவமனைகளில் சேரும் நம் பிள்ளைகள் கையால் அதிகம் எழுதுவது மருந்துச்சீட்டுதான். அதைப் படிக்கப்போகிறவர், நடுராத்திரி மருந்து கொடுக்கும் நர்ஸ். அல்லது கவுண்டருக்கு வெளியே நீண்ட வரிசை நிற்க, உள்ளே எண்ணிக் கொடுக்கும் ஃபார்மசிஸ்ட். அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். எழுத்து அழகாக இருக்க வேண்டுமென்பதில்லை. அவர்கள் எதையும் ஊகிக்க நேராமல் இருந்தால் போதும்.

சட்டம் கேட்பதை முதலில் முடித்துவிடுவோம். 1965-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் மருந்துச் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த பொது விதிகளின்படி, சீட்டில் டாக்டரின் பெயர், தகுதி, எண், முகவரி இருக்க வேண்டும். நோயாளியின் பெயர், முகவரி, வயது, பாலினம், எழுதிய தேதி ஆகியவையும் வேண்டும். மருந்து என்று வந்தால் பெயர், வடிவம், வீரியம், அளவு, சாப்பிடும் முறை, எத்தனை முறை மறுபடி கொடுக்கலாம் என்பது வரை எழுதி, கடைசியில் கையெழுத்து. நடைமுறையில் அதிகம் விட்டுப்போவது பெயர்தான். ஒரு கிறுக்கல் கையெழுத்தை வைத்து யாரைக் கூப்பிடுவது என்று ஃபார்மசிக்குத் தெரியாது. பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், பக்கத்தில் வார்டின் உள் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். சீட்டு திரும்பி வந்தால் கஷ்டப்படுவது, விடியற்காலையில் இரண்டு டாக்ஸி மாறி வந்த பாட்டிதான்.

மருந்தின் பெயரை முழுதாக, ஜெனரிக் பெயராகவே (கம்பெனி வைத்த பெயராக அல்ல, மருந்தின் பொதுப் பெயராக) எழுதுங்கள். சுருக்கெழுத்து வேண்டாம். ‘ஏஇசட்டி’ என்று எழுதினால் நீங்கள் நினைத்தது ஜிடோவுடின். புதிதாக வந்தவர் அசதயோபிரின் என்று படிக்க இடமுண்டு. எச்.ஐ.வி. மருந்தும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு ஜோடி அம்லோடிபைன், அமிட்ரிப்டிலின். ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்தும் ஒன்று. இரண்டிலும் 10 மி.கி. மாத்திரை உண்டு. ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, மற்றொன்று மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும், பெரும்பாலும் இரவில் கொடுப்பது. ‘ரத்த அழுத்தத்துக்கு’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், தவறு ஃபார்மசி மேசையிலேயே பிடிபட்டுவிடும். காரணம் எழுதும் பழக்கத்தை எல்லா மருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களில்தான் உயிர் போகிற தவறுகள் நடக்கின்றன. இந்த நாட்டில் பள்ளியிலிருந்தே தசமத்துக்குக் காற்புள்ளி போட்டுப் பழக்கம். புள்ளி போடுகிறவர்களும் உண்டு. எதைப் போட்டாலும் கார்பன் நகலில் அது மறைந்துபோகலாம். அதனால் 1 மி.கி. என்றால் 1 என்று நிறுத்துங்கள், 1.0 என்று எழுதினால் 10 ஆகிவிடும். அரை மி.கி. என்றால் முன்னால் சுழியம் போட்டு 0.5 என்று எழுதுங்கள்; வெறும் .5 என்பது 5 ஆகும். முடிந்த இடத்தில் தசமத்தையே தவிர்ப்பது நல்லது: இதய மருந்தான டிகாக்சின் 0.125 மி.கி. என்பதைவிட 125 மைக்ரோகிராம் பாதுகாப்பு. அந்த ‘மைக்ரோகிராம்’ என்ற சொல்லையும் முழுதாக எழுதுங்கள். கிரேக்க எழுத்துப் போட்ட சுருக்கம் அவசரத்தில் மி.கி. போலத் தெரியும், டோஸ் ஆயிரம் மடங்காகும்.

இன்சுலினில் ‘யூனிட்’ என்ற சொல்லுக்குப் பதில் ஆங்கில ‘யு’ எழுத்தை ஒட்டி எழுதுவது உலகெங்கும் ஆளைக் கொன்ற பழக்கம். வேகமாக எழுதும்போது அதன் வாய் மூடிக்கொள்கிறது; 12 யூனிட் 120 ஆகிறது. எண், இடைவெளி, பிறகு முழுச் சொல். இதில் சமரசமே வேண்டாம்.

குழந்தைகள் வார்டில் எடை இல்லாத சீட்டு பாதிச் சீட்டுதான். எடையையும் எடுத்த தேதியையும் மேலே எழுதுங்கள், கணக்கைக் காட்டுங்கள். 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் என்று வைத்துக்கொள்வோம்: கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 180 மி.கி. சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்பதால் 7.5 மி.லி. ‘பனடோ சிரப் 5 மி.லி. 3 வேளை’ (பனடோ என்பது பாராசிட்டமாலின் கம்பெனிப் பெயர்) என்ற சீட்டில் வீரியம் இல்லை, மி.கி. இல்லை, உச்ச வரம்பு இல்லை. சரியான வரி இப்படி இருக்கும்:

பாராசிட்டமால் சிரப் 120 மி.கி./5 மி.லி. – 180 மி.கி. (7.5 மி.லி.) வாய்வழி, காய்ச்சலுக்குத் தேவைப்பட்டால் 6 மணிக்கொருமுறை, 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் கூடாது. 100 மி.லி. ஒரு பாட்டில்.

மி.கி., மி.லி. இரண்டும் இருந்தால் நர்ஸ் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க முடியும். ‘தேவைப்பட்டால்’ என்று எழுதும் எந்த மருந்துக்கும் காரணமும் 24 மணி நேர வரம்பும் கட்டாயம். வலி மருந்தான டிரமடோல் 50 மி.கி. மாத்திரை என்றால் நாளுக்கு 400 மி.கி. வரம்பு என்று அதே வரியில் வரட்டும்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் தனியாகச் சொல்ல வேண்டியது. இது வாரம் ஒருமுறை. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து. ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதினால் மட்டும் போதாது, கிழமையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: ‘10 மி.கி. – 2.5 மி.கி. மாத்திரை 4 – திங்கட்கிழமை மட்டும்’.

மார்ஃபின் போன்ற ஆறாம் அட்டவணை (சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும்) மருந்துகளுக்கு மொத்த அளவை எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும். 30 நாளுக்கு மேல் கிடையாது, அதே சீட்டில் மறுபடி வாங்க முடியாது. ஒவ்வொரு மாதமும் புதுச் சீட்டு. புற்றுநோயாளியின் குடும்பத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெள்ளிக்கிழமை மாலை மருந்து தீர்ந்து நிற்கக் கூடாது.

அலர்ஜிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலிக் கட்டம் ‘அலர்ஜி இல்லை’ என்று பொருள் தராது, யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். இல்லையென்றால் ‘தெரிந்த அலர்ஜி இல்லை’ என்று எழுதுங்கள். இருந்தால் என்ன ஆனது என்பதும் வேண்டும்: வயிற்றுப்போக்கு வேறு, முகம் வீங்கி மூச்சு அடைத்தது வேறு.

திருத்தும்போது எண்ணின் மேல் எண் எழுதக் கூடாது. 5-ஐ 8 ஆக்கினால் இரண்டும் தெரியும். ஒரே கோடு போட்டு அடித்து, தேதியும் கையெழுத்தும் வைத்து, வரியை முழுதாகப் புதிதாக எழுதுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு, அதாவது டிடிஓ, வேலை முடியும் அவசரத்தில் எழுதப்படுவதால் அதிகம் கெடுவது. ‘சொன்னபடி’ என்று நீங்கள் எழுதினால் ஃபார்மசி ஒட்டும் லேபிளிலும் அதுவே வரும். வீட்டில் அதைப் படிக்கும் மகளுக்கு ஒன்றும் புரியாது. எது புதிது, எது நிறுத்தியது, எதில் டோஸ் மாறியது என்று மூன்றையும் எழுதுங்கள். நிறுத்தியதை எழுதாவிட்டால் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய டப்பாவும் சேர்ந்தே உள்ளே போகும். வேறு கிளினிக்கில் வாங்கும் மருந்தையும் கேட்டறியுங்கள். எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு, சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் ரத்தத்தில் கூடும். இங்குள்ள வழிகாட்டுதலின்படி அவர்களுக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. 12 மணிக்கொருமுறை என்பதே உச்சம். எச்.ஐ.வி. மருந்து ஒரு சீட்டிலும் சர்க்கரை மருந்து வேறொரு சீட்டிலும் இருந்தால் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

ஃபார்மசிஸ்ட் போன் செய்து கேட்டால், வாயால் பதில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சார்ட்டிலும் திருத்துங்கள், அடுத்த ஷிஃப்ட் படிப்பது அதைத்தான். தவிர்க்க முடியாமல் போனில் டோஸ் சொன்னால் ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும்.